பாங்காக் சந்தைகளில் ஒரு வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "சனி ஞாயிறு அங்கே இருப்பீர்களா?" என்றுதான். அந்த ஊரின் சந்தைகளுக்காகவே பலமுறை போயிருக்கிறேன், அதனால் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளுக்கு மாற்றி மாற்றி அதே பதிலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இரண்டே நாள்தான் இருக்கிறது. போதுமா?

போதும். சென்னையிலிருந்து நேர் விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம்தான், வெள்ளி இரவு இறங்கிவிட்டால் இரண்டு முழு நாள் கையில் இருக்கும். ஆனால் பட்டியல் போட்டுக்கொண்டு பத்து சந்தைக்கு ஓடினால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு பெரிய சந்தை, ஒரு பூச்சந்தை, ஒரு வாய்க்கால் சந்தை, அப்புறம் ஏதாவது ஒரு பொருளைக் கையால் செய்கிற இடம் ஒன்று. இந்த நான்கு போதும்.

நான் போடும் வரிசை இது: சனி காலை சதுசாக் என்ற பெரிய வாரச் சந்தை. மதியம் அதற்குப் பக்கத்திலேயே ஓர் தோர் கோர் சந்தையில் சாப்பாடு. மூன்று மணிக்குப் பழைய நகரத்தில் பான் பாத். இரவு பத்துக்கு மேல் பாக் க்ளோங் தலாத் பூச்சந்தை. ஞாயிறு காலை க்ளோங் லாட் மயோம் வாய்க்கால் சந்தை. ஞாயிறு மாலையை எதுவும் திட்டமிடாமல் விட்டுவிடுங்கள், கால் வலிக்கும்.

சதுசாக்கில் தொலைந்துபோகாமல் இருப்பது எப்படி?

கொஞ்சம் தொலைந்துபோகத்தான் வேண்டும். பதினைந்தாயிரம் கடைகளுக்கு மேல், 27 பிரிவுகள், சந்து சந்தாகக் கூரை போட்ட வழிகள். 1940களில் பிபுன் சோங்க்ராம் பிரதமராக இருந்தபோது ஊர்தோறும் சந்தை வேண்டும் என்று தொடங்கியது இது. நெடுங்காலம் அரண்மனைப் பக்கம் சனாம் லுவாங் மைதானத்தில் நடந்து, 1982இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது. நடுவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது, வழி தவறினால் அங்கே சந்திப்போம் என்று கூட வருபவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். ஒவ்வொரு கடைக்கும் பிரிவு எண், சந்து எண், கடை எண் உண்டு. ஒரு பொருள் பிடித்து, யோசித்துவிட்டு வரலாம் என்று நகர்ந்தால் அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காவிட்டால் அந்தக் கடையைத் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம், நான் ஒரு நீல நிறப் பீங்கான் கிண்ணத்தை அப்படித்தான் இழந்தேன்.

எம்ஆர்டி சுரங்க ரயிலில் காம்பேங் பெட் நிலையத்தில் இறங்கினால் படியேறியதுமே சந்தை. பிடிஎஸ் மேம்பால ரயில் என்றால் மோ சிட். காலை ஒன்பதுக்குப் போய் பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிடுங்கள், அதற்கு மேல் கூரைக்கு அடியில் சூடு தாங்காது.

ஒன்று மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். வளர்ப்பு விலங்குகள் விற்கும் பகுதிக்கு நான் போவதில்லை. 2024 ஜூனில் அங்கே ஏற்பட்ட தீ விபத்தில் கூண்டுகளில் அடைபட்டிருந்த ஆயிரம் விலங்குகள் வரை செத்துப்போயின. குழந்தைகள் பார்க்க ஆசைப்படுவார்கள்தான், ஆனாலும் அந்தப் பக்கம் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே விற்பதெல்லாம் கைவினைப் பொருள்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இல்லை. பாதிக்கு மேல் தொழிற்சாலைச் சரக்கு. ஒரே யானை பொம்மை, ஒரே பர்ஸ், ஒரே பூப்போட்ட கால்சட்டை நாற்பது கடைகளில் தொங்கினால் அது எங்கோ ஆயிரக்கணக்கில் அச்சடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் கண்டுபிடிப்பது எளிது. மட்மீ என்பது வடகிழக்குத் தாய்லாந்தான ஈசான் பக்கத்து நெசவு. நம் சுங்குடியில் நெய்த துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள். மட்மீயில் நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிக் கட்டிச் சாயத்தில் முக்கி, அப்புறம்தான் தறியில் ஏற்றுவார்கள். அதனால் கோலத்தின் ஓரம் எங்கேயும் கத்தி வைத்து வெட்டியதுபோல இருக்காது, லேசாகக் கசிந்தமாதிரி இருக்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் ஏறக்குறைய அதே நிறத்தில் இருந்தால் நெசவு. பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சு. கடைக்காரர் திருப்பிப் பார்க்கவிடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பைகளில் இரண்டு வகையைத் தேடிப் பாருங்கள். தெற்கிலிருந்து வரும் க்ரஜூட் என்ற கோரைப் பைகள் ஒன்று, நம் பத்தமடைப் பாய் தொட்டுப் பழகிய கைக்கு உடனே பிடித்துப்போகும். இன்னொன்று ஆகாயத்தாமரைத் தண்டைக் காயவைத்துப் பின்னிய பைகள். நம் ஏரிகளை மூடிக்கொண்டு கிடக்கிறதே, அதே செடிதான். தாய் மொழியில் அதன் பெயரிலேயே ஜாவா இருக்கிறது, அங்கிருந்து வந்தது என்பதால். அவர்கள் ஆற்றையும் அது அடைத்தது, ஆனால் அதை அறுத்து, காயவைத்து, பின்னி, கூடையும் நாற்காலியும் செய்து விற்கிறார்கள். முதல்முறை அந்தப் பையைக் கையில் எடுத்தபோது எனக்குப் போரூர் ஏரிதான் நினைவுக்கு வந்தது.

ஓடாப் என்ற அரசு முத்திரை சில பொருட்களில் இருக்கும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பொருள் என்று 2001இல் தொடங்கிய திட்டம் அது, எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரிக்க உதவும்.

பான் பாத் என்றால் என்ன? ஏன் அதை இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

பான் என்றால் வீடு, குடியிருப்பு. பாத் என்றால் புத்த பிக்குகளின் பிச்சைப் பாத்திரம். நம் பாத்திரம் என்ற சொல்லும் அதுவும் ஒரே வேர். பொற்குன்றம் என்று சொல்லும் வாட் சகேத் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் சில குடும்பங்கள் மட்டும் இன்னும் கையால் இந்தப் பாத்திரத்தைச் செய்கிறார்கள். பிக்குகளுக்கு வேண்டிய பொருட்கள் விற்கும் பம்ருங் முவாங் சாலை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே இயந்திரத்தில் அழுத்திய மலிவான பாத்திரங்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இந்தச் சந்துக்குள் நுழைந்தால் வித்தியாசம் தெரியும்.

சந்தில் நுழையும் முன்பே சுத்தியல் சத்தம் கேட்கும். ஒரு பாத்திரத்துக்கு எட்டுத் துண்டு இரும்புத் தகடு. முதலில் வாய்க்கு ஒரு வளையம், அதிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள், பார்த்தால் வெறும் எலும்புக்கூடு மாதிரி இருக்கும். மீதியிருக்கும் நான்கு இடைவெளிக்கும் இலை வடிவில் நான்கு தகடு. தகட்டின் ஓரங்களைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்து, செம்பு வைத்து நெருப்பில் பற்றவைக்கிறார்கள். செம்பு உருகி அந்தப் பற்களுக்கு இடையில் ஓடி அடைத்துக்கொள்ளும். அப்புறம்தான் நீண்ட வேலை: தட்டித் தட்டி உருட்டி வழவழப்பாக்குவது. நான் பார்த்தபோது ஒரு வயதான அம்மா தரையில் உட்கார்ந்து, பாத்திரத்தை மடியோடு அணைத்தமாதிரி ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் பாத்திரம் அரை விரல்கூட நகரவில்லை. அரை மணி நேரம் நின்றேன், ஒரு உள்ளங்கை அளவு இடம்தான் முடிந்தது.

சின்னப் பாத்திரமே ஆயிரம் பாட்டைத் தாண்டும். ஒரு பாட் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேரம் பேசாதீர்கள். அந்தச் சுத்தியல் அடியைப் பார்த்த பிறகு உங்களுக்கே பேச வராது. வாங்க முடியாவிட்டாலும் போய்ப் பாருங்கள், நின்று பார்த்தால் அவர்கள் முகம் சுளிப்பதில்லை. படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சிவப்பு நிற ராட்சத ஊஞ்சல் நிற்கிறது. 1784இல் முதலில் எழுப்பியது, இப்போது நிற்பது 2007இல் புதுப்பித்த தேக்கு மரம். பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் கோயில். 1935க்குப் பிறகு ஊஞ்சல் ஆடுவது நின்றுவிட்டது, ஆனால் அந்த விழாவின் பெயர் த்ரியம்பவாய், த்ரிபவாய். ஆமாம், நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். மார்கழியில் நாம் பாடுவதை அந்தக் கோயில் பூசகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஓசையில் ஓதி வருகிறார்கள். அந்தச் செங்கம்பங்களுக்கு அடியில் நின்றபோது எனக்குச் சிலிர்த்தது.

பூச்சந்தைக்கு ஏன் இரவில் போகச் சொல்கிறீர்கள்?

லாரிகள் வருவது இரவில்தான். பாக் க்ளோங் தலாத் நாள் முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் நள்ளிரவுக்கு மேல் விடியும்வரைதான் அது சந்தையாக இருக்கும். சனாம் சாய் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம், திரும்பும்போது ரயில் இருக்காது, டாக்ஸிதான்.

கோயம்பேடோ மாட்டுத்தாவணியோ போய்ப் பழகியவர்களுக்கு அந்த வாசனை தெரிந்ததுதான். மூட்டை மூட்டையாகச் சாமந்தி, மல்லிகை மொட்டு ஐஸ் பெட்டியில். அவர்கள் மல்லிகையை மலி என்கிறார்கள், கோத்த பூவை மாலாய் என்கிறார்கள், காதில் விழும்போது ஒரு நொடி திரும்பிப் பார்க்கத் தோன்றும். ஆனால் கட்டுவது நம்மைப்போல நாரில் இல்லை. ஒரு முழ நீள ஊசியில் மொட்டுகளை வட்டமாக, மிக நெருக்கமாகச் செருகி, நிறைந்ததும் அப்படியே நூலுக்குத் தள்ளுகிறார்கள்.

கிட்டப் போய்ப் பாருங்கள், மல்லிகைக்கு நடுவே தந்தத்தில் செதுக்கியதுபோல வெள்ளையாக ஒன்று கோத்திருக்கும். எருக்கம்பூ. அதன் நடுவில் இருக்கும் கிரீடம் மாதிரியான பகுதியை மட்டும் எடுத்துக் கோக்கிறார்கள். நமக்கு எருக்கு என்றால் பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு மாலை, மற்ற நாளில் வேலியோரச் செடி. அங்கே அதன் பெயர் ரக், அன்பு என்று பொருள், அதனால் கல்யாண மாலையில் கட்டாயம் இருக்கும்.

தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து விற்பவர்களும் இருப்பார்கள். ஒரு கொத்து வாங்கினால் உங்கள் கண்முன்னே மடித்துத் தருவார்கள், அந்த விரல்களின் வேகம் பார்க்க வேண்டியது. சீலோமில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு, 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது அது, மறுநாள் போவதாக இருந்தால் மாலையை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மிதக்கும் சந்தை என்று விளம்பரத்தில் வருகிறதே, அதற்குப் போக வேண்டாமா?

படகில் தொப்பி போட்ட பெண்கள், பழக்கூடை, அந்தப் படம் பெரும்பாலும் தாம்னோன் சதுவாக். பாங்காக்கிலிருந்து நூறு கிலோமீட்டர், ராட்சபுரி மாகாணத்தில். போய் வரவே அரை நாள் போய்விடும், இறங்கினால் உங்களைப்போல வந்தவர்கள்தான் நிறைய. வார இறுதிக்கு அது வேண்டாம்.

க்ளோங் லாட் மயோம் ஊருக்குள்ளேயே, ஆற்றுக்கு மேற்கே தலிங் சான் பகுதியில். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும். பாங் வா நிலையம்வரை பிடிஎஸ், அங்கிருந்து டாக்ஸி. படகுகள் கொஞ்சம்தான், பெரும்பாலும் வாய்க்கால் கரையில் கொட்டகை போட்ட கடைகள், உள்ளூர்க் குடும்பங்கள் பாட்டி பேரனோடு சாப்பிட வருகிற இடம்.

அங்கே கனோம் க்ரோக் கடை முன்னால் நின்று பாருங்கள். குழிப்பணியாரக் கல்லேதான். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் குழியில் ஊற்றி, மேலே இன்னும் கொஞ்சம் கெட்டிப் பால் விட்டு, வெங்காயத்தாளோ சோளமோ தூவி மூடி வைப்பார்கள். நாம் திருப்பிப் போடுவோம், அவர்கள் திருப்புவதில்லை. அதனால் அடி மொறுமொறுப்பாகவும் மேல் பாதி இளகியும் இருக்கும், இரண்டு அரைவட்டத்தை ஒன்றோடொன்று ஒட்டித் தருவார்கள். சூடாக வாயில் போட்டுவிடாதீர்கள், உள்ளே பால் கொதித்துக்கொண்டிருக்கும்.

"கனோம் தான்" என்ற பெயரில் மஞ்சளாக வாழையிலைக் கிண்ணத்தில் ஒரு பலகாரம் கிடைக்கும், அது பனம்பழச் சாற்றில் மாவு பிசைந்து ஆவியில் வேகவைத்தது. பனம்பழத்தைச் சுட்டுச் சாப்பிட்ட தலைமுறை வீட்டில் இருந்தால் அவர்களை நினைத்துக்கொண்டு ஒன்று சாப்பிடுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு விரால் மீன். வயிற்றில் எலுமிச்சைப்புல் திணித்து, மேலே உப்பை அப்பிக் கரியில் சுடுவார்கள். தோலோடு உப்பு உரிந்து வந்துவிடும், உள்ளே வெள்ளைவெளேர் என்று சதை.

சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் போட்ட பொரியலிலும் மீன் சாறான நாம் ப்லா இருக்கும், பப்பாளிக்காய் சாலட்டான சோம் தாமில் காய்ந்த இறால் இருக்கும், கறி விழுதில் இறால் விழுது இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் இதெல்லாம் போடக்கூடாது என்று அவர்களுக்குத் தோன்றாது. ஏமாற்றுவதில்லை, அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி.

ஜே என்ற சொல்லை மட்டும் நினைவில் வையுங்கள். முழு சைவம், முட்டை பால் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இருக்கும், நம் கண்ணுக்கு 17 என்று எழுதியதுபோலத் தெரியும். அந்த 17ஐத் தேடினால் சாப்பாடு கிடைத்துவிடும். மற்ற கடைகளில் "மாய் சாய் நாம் ப்லா", அதாவது மீன் சாறு போடாதீர்கள். காரம் குறைவாக வேண்டும் என்றால் "பெட் நித் நோய்".

மார்ச் முதல் மே வரை போனால் மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய பசையரிசிச் சோறும் ஒரு வேளைச் சாப்பாடாகவே போதும். சதுசாக்கில் தேங்காய் மூடியிலேயே வைத்துத் தரும் தேங்காய் ஐஸ்கிரீமும் உண்டு.

ஓர் தோர் கோர் விலை அதிகமாமே?

ஆமாம், பாங்காக்கில் விலை கூடிய காய்கறிச் சந்தை அதுதான். ஆனால் சுத்தமான தரை, நல்ல கூரை, தரமான பழம். வயதானவர்களோடும் சின்னக் குழந்தைகளோடும் போகிறவர்களுக்குச் சதுசாக்கைவிட இதுவே நல்லது. சமைக்கிறவர்கள் காய்கறி வரிசையை விட்டுவிடாதீர்கள். பச்சைக் கறியில் உருண்டையாக மிதக்கும் அந்தச் சின்னக் காய் சுண்டைக்காய், நாம் வற்றல் போடுவதை அவர்கள் பச்சையாகவே போடுகிறார்கள். அகத்திப்பூவைப் புளிக்குழம்பில் போடுகிறார்கள். துளசியை இறைச்சியோடு வதக்குகிறார்கள், பாட் க்ரபாவ் என்று ஊரெல்லாம் மணப்பது அதுதான். துளசிமாடத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு முதலில் திடுக்கென்று இருக்கும். அவர்கள் அதைக் கீரையாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

துரியன் வாங்கினால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். சுரங்க ரயிலிலும் பல ஓட்டல்களிலும் அனுமதி இல்லை.

பேரம் பேசலாமா?

சாப்பாட்டுக்கு வேண்டாம். துணி, பை, பொம்மைக்குப் பேசலாம், ஆனால் பாண்டி பஜாரில் பேசுவதுபோல பாதி விலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "லொட் தாய் மாய்?", குறைக்க முடியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டால் பத்து, பதினைந்து சதவீதம் குறையும், இரண்டு மூன்றாக வாங்கினால் இன்னும் கொஞ்சம். குரலை உயர்த்தினால் அதோடு பேச்சு முடிந்தது. ஆண்கள் கடைசியில் "க்ரப்", பெண்கள் "கா" சேர்த்துக்கொள்ள வேண்டும், இங்கே "ங்க" சேர்ப்பதுபோல. 20, 50, 100 பாட் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், காலையில் முதல் கடையிலேயே ஆயிரம் பாட் தாளை நீட்டினால் அவர்கள் சில்லறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஏமாற்று வேலைகள்?

அரண்மனைப் பக்கம் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று மூடியிருக்கிறது, நான் வேறு இடம் காட்டுகிறேன், துக்துக் ஆட்டோ இருபது பாட்தான்" என்பார். அது கடைசியில் கல் நகைக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். எனக்கு முதல் பயணத்தில் அப்படி ஒரு மதியம் முழுக்க வீணானது. நன்றி சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். டாக்ஸியில் மீட்டர் போடச் சொல்லுங்கள், போடாவிட்டால் அடுத்த வண்டி.

வெயில், மழை, தண்ணீர்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ஏப்ரல் கொதிக்கும். மே முதல் அக்டோபர் வரை மழை, பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு நின்றுவிடும், அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தண்ணீர் பாட்டிலில்தான் குடிக்க வேண்டும். நடுவில் ஓட்டையோடு குழாய் மாதிரி இருக்கும் ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, அது போட்ட சங்குப்பூ எலுமிச்சைச் சாறு நான் தயங்காமல் குடிப்பேன். எலுமிச்சை விட்டதும் நீலம் ஊதாவாக மாறும், குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

ஊருக்கு எடுத்துவர எது நல்லது, எது கூடாது?

புத்தர் சிலைகளும் பழம்பொருட்களும் அங்கே நுண்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. கடைக்காரர் பரவாயில்லை என்பார், விமான நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள். செடி, விதை, பழம் வேண்டாம், இங்கே இறங்கும்போது தொல்லை. கறி விழுது, மீன் சாறு எல்லாம் பெரிய பெட்டியில் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது உரல். இரண்டு வகை உண்டு. விழுது அரைக்கக் கருங்கல், சோன்புரி மாகாணத்து ஆங் சிலா ஊர் அதற்குப் பேர்போனது. சோம் தாமுக்கு மண் உரலும் மர உலக்கையும், ஏனென்றால் பப்பாளி நசுங்கக்கூடாது, இடிபட்டுச் சாறு இறங்க வேண்டும், அவ்வளவே. கல் உரல் வாங்குவதாக இருந்தால் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், பொடி ஒட்டினால் வீட்டில் அரிசி போட்டு நாலைந்து முறை இடித்துக் கொட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், நம் புது அம்மிக்குச் செய்வதுபோலவே. கைக்கு அடக்கமான அளவே மூன்று நான்கு கிலோ வரும். ஞாயிறு மாலை பெட்டியை எடைபோட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.